சீமுர்க்கின் வெள்ளை

உங்கள் அலுவலகத்தில் தேநீர் போடுவது யார், ஐயா? இலையை இவ்வளவு நேரம் கொதிக்கவிட்டால் கசக்கத்தான் செய்யும். கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு நடத்துகிற பெண்ணுக்கு அடுத்தவர் அடுப்பில் குறை கண்டுபிடிக்காமல் இருக்க முடியாது. பச்சைத் தேயிலையில் வெந்நீரை ஊற்றி மூடிவைத்து, கொஞ்சம் பொறுத்து ஊற்றினால் போதும். பொறுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கத் தெரியும்.

எல்லாவற்றையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் அடைத்து வைத்திருக்கும் ஹிக்மத் தம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை.

ரோபியா என் ஓரகத்தி. என் கொழுந்தன் தோஹிரின் மனைவி. ஒரே முற்றம், ஒரே ரொட்டி அடுப்பு. அண்ணன் தம்பி பெண்டாட்டிகள் ஒரே வீட்டில் இருந்தால் சீக்கிரம் தலைமுடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெருவே காத்திருந்தது. நாங்கள் அந்த வேடிக்கையைக் காட்டவில்லை. அவளுக்கு மாவு பிசையக் கைவராது, எனக்குச் சிரித்துப் பேச வராது. நான் பிசைந்தேன், வந்தவர்களிடம் அவள் பேசினாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹிக்மத்தின் ஓவிய அறைக்கு முதலில் போனவள் நான்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், என் வீட்டுக்காரர் பாதி வருடம் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறார், கை சும்மா இருந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஹிக்மத் என்னைவிட ரொம்பச் சின்னவன். தாஷ்கந்தில் படித்துவிட்டு வந்து, குளத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சத்திரத்தில் ஒரு அறை எடுத்து, சீமுர்க் பறவை, நெருப்பு கக்கும் பாம்பு, கொம்பு முளைத்த பூதம் எல்லாம் பழைய முறையில் வரையச் சொல்லிக்கொடுத்தான். தெருவில் அவன் எனக்குத் தம்பி, அறைக்குள் உஸ்தோ, குரு. அந்த வயதில் போய் ஒரு சின்னப் பையனிடம் தலைகுனிந்து கற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனாலும் குனிந்தேன்.

ரோபியாவைக் கூட்டிப் போனதும் நான்தான்.

"அக்கா, நானும் வரேன். வீட்ல சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள்.

"அங்க வந்து என்னடி பண்ணுவே? சுவத்துக்குப் பதிலா காகிதத்தைப் பார்ப்பே."

"காகிதமாவது மாமியார் மாதிரி திரும்பத் திட்டாதுல்ல?"

சிரித்துவிட்டேன். அவளிடம் அப்படித்தான், கோபமாக இருக்க முடியாது.

அந்த வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. நிறத்தை ஒரே தடவையில் அப்பக் கூடாது. அடியில் வெள்ளை. அது காய்ந்ததும் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டு வழவழப்பான கல்லால் முதுகில் தேய்க்க வேண்டும். அப்புறம் தண்ணீர் போல ஒரு பூச்சு. மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு. அவசரப்பட்டால் அடியில் இருப்பது கரைந்து மேலே வந்துவிடும். எத்தனை நிறம் ஏற்றினாலும் உள்ளேயிருந்து வெளிச்சம் தருவது அந்த வெள்ளைதான். கடைசியாக, நாலைந்து முடி மட்டுமே உள்ள தூரிகையால் இறகு இறகாக, வெள்ளை கலந்த நிறங்களைக் கோடு கோடாக வைப்பது. அதற்குத் தூரிகை ஊசி போல் நிற்க வேண்டும். நாக்கு நுனியில் வைத்து ஒரு சுழற்று சுழற்றினால்தான் நிற்கும். தண்ணீரில் தொட்டால் ஆகாதா என்று புதிதாக வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு வாரம் போனால் அவர்களும் நக்கத் தொடங்குவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அறையில் எல்லோருக்கும் ஒருவர்தான் நிறம் அரைப்பார். எங்கள் அறையில் நான். மாவு பிசைந்த கை, கல்லில் குழவி போட்டால் ஒரு நொய்கூட மிஞ்சாது. அரைத்து, பிசின் சேர்த்து, சிப்பியில் வழித்து, வரைபவர் கையில் கொடுப்பேன். வாங்குபவர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்டால் அரைத்தவளை அவமானப்படுத்துவதாக அர்த்தம். நாங்கள் வைத்த சோற்றை எங்கள் வீட்டுக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் எப்படி இருக்கும்? உங்களுக்கு அது புரியாது, உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

ஒரு வருடம் பாம்பின் செதில், ஒரு வருடம் மேகம், அதற்கப்புறம்தான் சீமுர்க். நான் வரைந்த முதல் சீமுர்க்கில் ஒரு தப்பும் இல்லை. அலகு அதன் இடத்தில், வாலின் ஏழு சுருளும் அதனதன் இடத்தில். பூச்சு ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஹிக்மத் அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"அக்கா, கோழி ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான்.

அறையே சிரித்தது. ரோபியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உஸ்தோ, சும்மா சொல்லாதீங்க. எங்க அக்கா கோழி முட்டைகூட போடும்" என்றாள். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைக் கோத்துக்கொண்டு, "கோச்சுக்கிட்டீங்களா அக்கா? பைத்தியம், விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று கொஞ்சினாள். கோபம் இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த வயதில் ஒரு கோழிக்காக அழுதேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவள் வரைந்த சீமுர்க்கில் தப்புகள் இருந்தன. ஒரு நகம் குறைவு, வால் கோணல். ஆனால் அது பறந்தது. என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. வயிறு எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

போன இலையுதிர் காலத்தில் சமர்கந்திலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். மேசை அகலத்துக்கு ஒரு சீமுர்க் வேண்டும், இறக்கை விரித்து, மலை உச்சிக் கூட்டில் இறங்குகிற மாதிரி. எங்கள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில் உட்காருகிறவர்தான் படத்தின் முகத்தையும் இறகையும் முடிப்பார், படத்தின் மூலையில் அவர் பெயர்தான் வரும். அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். முதலில் வந்தவள் நான், மூத்தவள் நான், அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவளும் நான்.

"ரோபியா ஜன்னல் பக்கம் உக்காரட்டும்" என்றான் ஹிக்மத். "அக்கா, நீங்க அடிப்பூச்சு பார்த்துக்கங்க. உங்க வெள்ளை மாதிரி யாருக்கும் வராது."

அது பாராட்டு. நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த டப்பாவுக்கு வருகிறேன். அறையில் சுவர் மாடத்தில் ஒரு பழைய தகர டப்பா இருந்தது. ஹிக்மத்துக்கு முன்னால் அங்கே மரக்கூரைக்குப் பூவேலை செய்தவர்கள் விட்டுப்போனது. ஈய வெள்ளை. நான் சேர்ந்த புதிதில் ஹிக்மத் அதைக் காட்டி, "இது கூரைக்குப் பூசுறவனுக்குத்தான் அக்கா, நாக்குல வைக்கிற நமக்கு ஆகாது. எங்கயாவது ஆழமா புதைச்சிடுங்க" என்றான். நாங்கள் எல்லோரும் துத்தநாக வெள்ளைதான் வைப்போம். நான் அந்த டப்பாவைப் புதைக்கவில்லை. நல்ல பொருளை மண்ணில் போட எனக்கு மனசு வராது. பின்னால் நகர்த்தி வைத்தேன்.

ரோபியா இறகு வேலை தொடங்கிய வாரம் முனகிக்கொண்டே இருந்தாள். "அக்கா, இந்த வெள்ளை சுண்ணாம்பு மாதிரி செத்துக் கிடக்கு. இறகு எழும்பவே மாட்டேங்குது. வேற எதாச்சும் பண்ணுங்களேன்." அவள் சொன்னது சரிதான். துத்தநாகம் வெளிறும். ஈய வெள்ளை அப்படியில்லை. வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு வரும், ஒரு பூச்சிலேயே வெளிச்சம் நிற்கும். படத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவள் கேட்டாள், நான் கொடுத்தேன். படத்துக்காகத்தான் கொடுத்தேன்.

முதல் நாள் தூரிகையை நாக்கில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனிக்குதே அக்கா. என்ன போட்டீங்க?"

"பிசின்ல கற்கண்டு போட்டேன். பூச்சு வெடிக்காம இருக்கும்."

"எனக்காகப் போட்டேன்னு சொல்லுங்களேன், குறைஞ்சா போயிடுவீங்க?" என்று சிரித்தாள்.

பிசினில் கற்கண்டு போடுவது எங்கள் வழக்கம்தான். அன்று போடவில்லை. அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அன்று அது எனக்குச் சின்னப் பொய்யாகத்தான் பட்டது.

அந்த வெள்ளையில் இறகுகள் எப்படி எழும்பின என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஹிக்மத் காலையில் வந்ததும் முதலில் அதன் முன்னால் போய் நிற்பான். மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். எல்லோரும் ரோபியாவின் கையைப் புகழ்ந்தார்கள். நான் கல்லைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

குளிர் தொடங்கியபோது அவளுக்கு வயிற்று வலி வந்தது. சுருட்டிப் பிடித்து இழுக்கிற வலி. சாப்பாடு இறங்கவில்லை, முகம் வெளுத்தது. அரிசியும் காய்கறியும் போட்டுச் சூப் வைத்து நான்தான் ஊட்டினேன். மாதுளம்பழம் பிழிந்து கொடுத்தேன். மாமியார்கூட என்னை மெச்சினார். அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கொஞ்ச நாள் வீட்டில் படுப்பாள், இறகு வேலை என்னிடம் வரும் என்று நான் நினைத்தேனா? நீங்கள் கேட்பதற்கு முன் நானே என்னைக் கேட்டிருக்கிறேன். நினைத்தேன், ஐயா. ஆனால் அவள் படுக்கவில்லை. வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

மருத்துவமனைக்கும் நான்தான் கூட்டிப் போனேன். அந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. ரோபியாவின் உதட்டைத் தூக்கி ஈறுகளைப் பார்த்தாள்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?"

"படம் வரையறேன்" என்றாள் ரோபியா.

"பெயின்ட்ல ஈயம் எதுவும் உண்டா?"

ரோபியா என் பக்கம் கையைக் காட்டினாள். "அக்காதான் அரைக்கிறாங்க. அவங்களைக் கேளுங்க, நான் திங்கறவ மட்டும்தான்."

அந்த வலியிலும் அவளுக்கு விளையாட்டு.

"துத்தநாகம்தான் டாக்டரம்மா. ஈயமெல்லாம் எங்க அறை வாசப்படியே ஏறாது" என்றேன்.

டாக்டரம்மா இரத்தசோகை என்று எழுதி மாத்திரை கொடுத்தாள். வெளியே வந்ததும் ரோபியா என் தோளில் சாய்ந்து, "நீங்க இல்லாட்டி நான் என்ன ஆவேன் அக்கா" என்றாள். அந்த இடத்தில், அந்தப் படிக்கட்டில், திரும்பி உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டி வந்தேன். இந்த இடத்தைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால். மன்னியுங்கள்.

மறுநாள் காலை கல்லின் முன் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். நிறுத்திவிடலாம் என்றுதான் யோசித்தேன். ஆனால் இடது இறக்கை முடிந்திருந்தது, வலது இறக்கை பாதியில் இருந்தது. பாதிப் பறவை ஒரு வெள்ளையிலும் பாதிப் பறவை வேறு வெள்ளையிலும் இருந்தால் எந்தக் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்த ஒன்றை நடுவில் கெடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. டப்பாவைத் திறந்து அரைத்தேன்.

வசந்தப் பண்டிகைக்கு விருந்தினர் வந்திருந்தபோது அவள் தேநீர் ஊற்றினாள். கிண்ணம் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. "கண்ணு பட்டுடுச்சு" என்று மாமியார் சொன்னார். ரோபியா உடைந்ததைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையைத் தூக்க முயன்றாள். மணிக்கட்டிலிருந்து விரல்கள், ஆணியில் மாட்டிய ஈரத்துணி போலத் தொங்கின. என்னைத்தான் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

இறகெல்லாம் முடிந்து, முகம் மட்டும்தான் பாக்கி. அடுத்த நாள் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டாள். ஹிக்மத் பதறிப்போனான்.

"ரோபியா, போதும்மா. வீட்டுக்குப் போ. முகத்தை முயஸ்ஸர் அக்கா முடிப்பாங்க."

நான் காத்திருந்த வார்த்தை, ஐயா. அதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்தான். நான் அந்தப் பறவையின் முகம் இருக்க வேண்டிய வெற்று இடத்தைப் பார்த்தேன். அது என்னால் முடியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் மேல் எனக்கே வந்த அருவருப்பைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

"அவளே முடிக்கட்டும் தம்பி" என்றேன்.

"கை நிக்காதே அக்கா."

"அக்கா பிடிச்சுப்பாங்க" என்றாள் ரோபியா.

பிடித்துக்கொண்டேன். பின்னால் மண்டியிட்டு, அவள் மணிக்கட்டை என் இரண்டு கையாலும் தாங்கினேன். விரல்கள் தூரிகையைப் பிடித்திருந்தன, அசைவு அவளுடையது, பாரம் என்னுடையது. மூன்று நாள் அப்படி வரைந்தோம். "உங்க கை சூடா இருக்கு அக்கா, இதமா இருக்கு" என்றாள். ஒவ்வொரு கோட்டுக்கும் தூரிகையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். அவளால் கையை அவ்வளவு தூரம் தூக்க முடியவில்லை. நான்தான் தூக்கி அவள் உதட்டில் வைத்தேன். அந்தச் சிப்பியைக் காலையில் அரைத்தவளும் நான்தான்.

மூன்றாம் நாள் கண்ணை வைத்தாள். பறவை எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன். அது நடிப்பில்லை. மூலையில் அவள் பெயரை ஹிக்மத் எழுதினான், அவளால் எழுத முடியவில்லை.

அப்புறம் இடது கையும் விழுந்தது. தாஷ்கந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தத்தை எடுத்துப் பார்த்துத்தான் ஈயம் என்று கண்டுபிடித்தார்கள். மருந்து கொடுக்கிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கை பழையபடி ஆகுமா என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கரண்டி பிடிக்க முடியாது. தலைவார முடியாது. அவ்வப்போது கட்டில் விளிம்பில் மணிக்கட்டை வைத்து விரலைத் தூக்கிப் பார்க்கிறாளாம், நர்ஸ் சொன்னாள்.

நான் பார்க்கப் போனபோது, "ஜன்னலோரம் காலியாக் கிடக்கக் கூடாது அக்கா. வேற எவளாவது வந்து உக்காருறதுக்கு முன்னாடி நீங்க உக்காருங்க. நான் வந்ததும் எந்திரிச்சாப் போதும்" என்றாள்.

வந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் உங்கள் ஆட்கள் ஹிக்மத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோஹிர் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "அண்ணி, காசு மிச்சம் பண்ண விஷத்தை வாங்கி வச்சிருக்கான். அவனை நான் சும்மா விடமாட்டேன்" என்றான். அவனுக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு இங்கே வந்தேன். அந்தத் தம்பி ஒன்றும் அறியாதவன். பழைய டப்பாவைத் திறந்தது நான், அரைத்தது நான், டாக்டரம்மாவிடம் பொய் சொன்னது நான். படத்துக்காகச் செய்தேன். அந்த வெள்ளை இல்லாமல் அந்தப் பறவை இல்லை. சமர்கந்து போய் மண்டபத்தில் பாருங்கள், உங்களுக்கே புரியும். தூக்கம் இல்லை எனக்கு, தெருவில் தலைநிமிர முடியவில்லை, அவள் கை கண்ணை மூடினாலும் தெரிகிறது. ஆனால் செய்ததன் காரணம் அது ஒன்றுதான், படம்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். எங்கள் அறையிலிருந்து எடுத்துவந்து உங்கள் மேசையில் வைத்திருக்கிற அந்தச் சிறிய சிப்பி என்னுடையது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்த முதல் நாள் பாம்புப் படத்துக்காக நான் எனக்கு அரைத்துக்கொண்டது. பரிசோதனையில் அதில் துளி ஈயமும் இல்லை என்கிறீர்கள். இருக்காது. டப்பாவில் பழைய வெள்ளை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, உண்மைதான். பாம்பின் வயிற்றுக்கும் அது நன்றாகத்தான் இருந்திருக்கும். அன்று என் கை அதன் பக்கம் போகவில்லை. ஏன் என்று நானும் யோசிக்கவில்லை, நீங்கள் கேட்கும்வரை. புதிதாகத் துத்தநாகப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து அரைத்தேன், ஐயா. தூரிகையை நாக்கில் வைக்கப்போவது நான் அல்லவா.